கண்ணாடிக்கு வெளியே உள்ள கடல்

1770 ஜூன் பத்தாம் தேதி, ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்த காப்டன் குக், தாழ்ந்து கிடந்த ஒரு சிறு தீவுக்குக் கிரீன் ஐலண்ட் என்று பெயர் வைத்தார். தீவு பச்சையாக இருந்ததால் வந்த பெயரல்ல அது. கப்பலில் இருந்த வானியலாளர் சார்லஸ் கிரீனின் பெயர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதைத் தாஹிதியிலிருந்து கணிக்கவென்று அனுப்பப்பட்டவர். 1769ல் அதைச் செய்து முடித்திருந்தார். தீவுக்குப் பெயர் வைத்த மறுநாள் இரவு என்டெவர் கப்பல் பவளப்பாறையில் மோதி நின்றது. வெள்ளியின் நகர்வை நொடிக்கணக்கில் பதிவு செய்தவர்களுக்குத் தங்கள் அடிப்பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை. கிரீன் ஊர் திரும்பவில்லை. 1771 ஜனவரியில் கடலிலேயே இறந்தார். தீவுக்கு அதற்கு வெகு காலம் முன்பே பெயர் இருந்தது. குங்கான்ஜி மக்கள் அதை வுன்யமி என்று அழைத்தார்கள்.

வானத்தைப் பார்த்தவரின் பெயர் கொண்ட இந்தத் தீவில்தான், 1954ல், கடலின் அடியைப் பார்ப்பதற்கான ஒரு கூடம் இறக்கப்பட்டது. வின்ஸ் விளாசாஃப், லாயிட் கிரிக் என்ற இருவர் கட்டிய எஃகு அறை. கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் கடலில் இழுத்து வரப்பட்டு, படகுத்துறை முனையில், பவளத்தின் நடுவே இறக்கி நிறுத்தப்பட்டது. படிகளில் இறங்கிப் போனால் வட்டச் சாளரங்கள். சாளரங்களுக்கு வெளியே மீன்கள். உலகிலேயே முதலாவது கடலடிப் பார்வைக்கூடம் என்று அதைச் சொல்லிக்கொண்டார்கள்.

நான் அங்கே போனதில்லை. எனக்கு அதன் மீதுள்ள அக்கறை பயணியின் அக்கறையும் அல்ல. பார்வை என்பதைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறையவே எழுதிவிட்டோம். கலைஞனின் பார்வை, பார்வைத் தெளிவு, கண்ணாடி போன்ற நடை என்றெல்லாம். பார்ப்பதற்காகவே மனிதன் கட்டிய ஒரு ஸ்தூலமான பொருளின் வரலாறு இந்த வார்த்தைகளுக்கு என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

கடலுக்கடியில் கண்ணாடி வழியே பார்க்கும் ஆசை நம் பக்கத்துக் கடலில்தான் ஒருவகையில் உருப்பெற்றது. 1860களின் நடுவில் இலங்கைக்கு வந்த ஆஸ்திரிய ராஜதந்திரி யூஜென் வான் ரான்ஸனே ஓர் ஓவியரும்கூட. காலிக்கு அருகே கடலில் ஒரு முக்குளிப்பு மணியை இறக்கி, அதற்குள் உட்கார்ந்து பவளங்களை வரைந்தார். இரும்புத் தகட்டில் செய்த மணி. தடித்த கண்ணாடிச் சன்னல். மிதக்காமல் இருக்கப் பீரங்கிக் குண்டுகள் எடையாகத் தொங்கின. மேலே படகிலிருந்து குழாய் வழியே காற்று அடிக்கப்பட்டது. நீருக்குள்ளேயே பென்சிலால் வரைந்தார், மேலே வந்தபின் முடித்தார். 1867ல் வியன்னாவில் அது புத்தகமாக வெளிவந்தது. கடலடிக் காட்சியை அதன் இடத்திலேயே இருந்து வரைந்த முதல் ஓவியங்களில் அவை சேரும்.

இதில் நான் கவனிக்கும் சின்ன விஷயம் ஒன்று உண்டு. அந்த மணியின் அடிப்பக்கம் திறந்தது. கண் கண்ணாடிக்குப் பின்னால், கால் கடலில். அலை தள்ளினால் அவரும் ஆடியிருப்பார். நீர் குளிர்ந்தால் அவருக்கும் குளிர்ந்திருக்கும். அதே தீவின் வடமேற்கே, மன்னார்ச் சலாபத்தில், காலில் கல்லைக் கட்டி இறங்கிய முத்துக்குளிப்பவர்களுக்கு இந்தக் கண்ணாடிகூடக் கிடையாது. ஒரு மூச்சு நீடிக்கும் நேரம்தான் அவர்கள் பார்வையின் நேரம். ஆனால் அவர்களைப் பார்ப்பதற்காக யாரும் இறக்கவில்லை. சிப்பி எடுப்பதற்காக இறக்கினார்கள். பார்ப்பது ஒரு தனிக் காரியமாக ஆகும்போதுதான் கண்ணாடி தேவைப்படுகிறது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு கப்பல் காப்டன், மூழ்கிய கப்பல்களிலிருந்து பொருட்களை மீட்க, இரும்பு வளையங்களால் ஆன நெகிழும் குழாய் ஒன்றை உண்டாக்கியிருந்தார். அவர் மகன் ஜே.இ. வில்லியம்சன், பத்திரிகைக்காரர். குழாயின் நுனியில் கண்ணாடிச் சாளரம் வைத்த உருண்டை அறை ஒன்றைப் பொருத்தி, 1914ல் பஹாமாஸ் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கடலடியைச் சினிமாப் படம் எடுத்தார். 1916ல் ஜூல்ஸ் வெர்னின் கடலடிக் கதை படமானபோது இந்தக் கருவிதான் பயன்பட்டது.

வில்லியம்சனுக்கு உடனே ஒரு பிரச்னை எழுந்தது. சாளரத்துக்கு வெளியே கடல் இருந்தது. ஆனால் கடல் மட்டும் போதவில்லை. ஏதாவது நடக்க வேண்டும். சுறாக்களை வரவழைக்கச் செத்த குதிரை ஒன்று தண்ணீரில் தொங்கவிடப்பட்டது. சுறாவுடன் கத்திச் சண்டை போட அமர்த்திய உள்ளூர் முக்குளிப்பவர் காமிராவின் சட்டத்துக்குள் அடங்காமல் போகவே, கடைசியில் வில்லியம்சனே கத்தியுடன் இறங்கினார். அறைக்குள் இருந்து பார்க்க வந்தவன், பார்க்கத் தகுந்த ஒன்று வேண்டும் என்பதற்காக அறைக்கு வெளியே போய்த் தானே காட்சி ஆனான். கடலடிச் சாளரத்தின் பின்வரும் வரலாறு முழுவதும் இந்தச் சம்பவத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

1920களில் இதே குழாயைக் கொண்டு நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகப் பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் பாறைகளை ஆராய்ந்தார்கள். ஆராய்ந்ததோடு நிற்கவில்லை. சுமார் 40 டன் பவளம் வெட்டி எடுக்கப்பட்டு, சாயம் பூசப்பட்டு, 1935ல் திறக்கப்பட்ட இரண்டு மாடி உயரக் காட்சிப் பேழையில் வைக்கப்பட்டது. வெட்டி எடுத்த பவளம் வெளுத்துவிடும், ஆகவே சாயம். உயிருள்ள பாறையைக் காட்டுவதற்கு அதைக் கொல்ல வேண்டியிருந்தது. 1939ல் பஹாமாஸ் அரசு வில்லியம்சனின் அறையை ஒரு தபாலாபீசாகவும் அங்கீகரித்தது. கடலடியிலிருந்து தபால் முத்திரை குத்திக் கடிதம் அனுப்பலாம். பார்த்தேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்பது அப்போதே வந்துவிட்டது.

இந்தப் பின்னணியில் கிரீன் ஐலண்டின் 1954ஐ வைத்துப் பார்த்தால் அதன் நேர்மை முதலில் புலப்படும். இது பாறையை வெட்டி நகரத்துக்குக் கொண்டுபோகவில்லை. நகரத்துக்காரனைப் பாறைக்குக் கொண்டுவந்தது. மீன் காட்சிச்சாலையில் மீன் தொட்டிக்குள் இருக்கும், மனிதன் வெளியே இருப்பான். இங்கே மனிதன்தான் தொட்டிக்குள். மீன் வர நினைத்தால் வரும், இல்லாவிட்டால் போகும். இந்தத் தலைகீழ் மாற்றம் அந்நாள் மக்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை. 1930களிலிருந்தே அத்தீவில் கண்ணாடி அடிப்படகுகள் ஓடின. படகிலிருந்து பார்ப்பது மேலிருந்து குனிந்து பார்ப்பது. கூடத்தில்தான் மீனின் கண் மட்டத்துக்கு மனிதன் இறங்கினான். 1969ல் தெற்கே விட்சண்டே தீவுகளில் ஹூக் ஐலண்டிலும், 1970களின் நடுவில் செங்கடலில் எய்லாத்திலும் இதே மாதிரிக் கூடங்கள் எழுந்தன.

ஆனால் சாளரம் சும்மா இருப்பதில்லை. நீரிலிருந்து கண்ணாடி கடந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. வெளியே உள்ளது சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகாகவும் தெரியும். சிவப்பு சில மீட்டர் ஆழத்திலேயே தேய்ந்துவிடும். விளம்பரப் படங்களின் சிவப்பு, விளக்கு கொண்டுபோனவனின் சிவப்பு. கண்ணாடியின் வெளிப்புறத்தில் பாசியும் சிப்பியும் படியும். அதைச் சுரண்டிவிட ஒருவன் தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றால், வெளியே ஒருவன் நனைந்திருக்கிறான் என்று அர்த்தம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது நேரம். காலையில் படகில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கான இடம் இது. அதாவது அலுவலக நேரம். பவளமோ பெரும்பாலும் இரவு நேரப் பிராணி. பகலில் பாலிப்புகள் தங்கள் கிண்ணங்களுக்குள் சுருங்கிக் கிடக்கும். இருட்டிய பின்தான் கைகளை நீட்டி இரை பிடிக்கும். ஆண்டில் ஒருமுறை, வசந்த காலத்தின் இறுதியில், பௌர்ணமிக்குப் பிந்திய சில இரவுகளில், பாறையெங்கும் பல இனப் பவளங்கள் ஒரே சமயத்தில் முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன. கடல் மேற்பரப்பில் அது இளஞ்சிவப்புப் படலமாக மிதக்கும். இந்தக் கூட்டு இனப்பெருக்கத்தை விஞ்ஞானம் அறிந்தது 1981ல்தான். டவுன்ஸ்வில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் இளம் ஆராய்ச்சியாளர்கள் மாக்னடிக் ஐலண்டில் இரவில் நீருக்குள் காத்திருந்து கண்டார்கள், 1984ல் அறிவித்தார்கள். கிரீன் ஐலண்டில் சாளரம் வைத்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாறையின் வாழ்க்கையில் ஆகப் பெரிய சம்பவம் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது. கூடம் பகலுக்கு ஆனது.

இனி, விஷயத்துக்கு வருகிறேன்.

1962ல் கிரீன் ஐலண்டைச் சுற்றி முட்கிரீட நட்சத்திர மீன்கள் பெருங்கூட்டமாகத் தோன்றின. இருபது கரங்கள்வரை உள்ள, உடலெங்கும் நச்சு முள் கொண்ட பிராணி. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். பவளத்தின் மேல் ஏறி, தன் இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளி விரித்து, பாலிப்புகளைக் கரைத்து உறிஞ்சிவிட்டு நகரும். பின்னால் எஞ்சுவது வெள்ளைச் சுண்ணாம்பு. சில நாட்களில் அதிலும் பாசி படிந்து சாம்பல் நிறமாகிவிடும். ஒரு நட்சத்திர மீன் ஆண்டுக்குப் பத்துச் சதுர மீட்டர்வரை பவளத்தைத் தின்றுவிடும்.

கிரேட் பாரியர் ரீஃப் என்னும் அந்தப் பெரும் பவளத்தொடரில் இந்தப் பெருக்கம் முதன்முதலாகப் பதிவானது கிரீன் ஐலண்டில். இங்கே ஒரு கேள்வி உண்டு. முதலில் தோன்றிய இடமா, முதலில் பார்க்கப்பட்ட இடமா? தொடரில் சுமார் 2,900 பாறைகள். அவற்றில் நாள்தோறும் மனிதக் கண் பட்டவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் கிரீன் ஐலண்ட் ஒன்று. நோய் எங்கே தொடங்கியதோ, ஆள் இருந்த இடத்தில் தெரிந்தது. அந்த அளவுக்கு, அழகைக் காட்டக் கட்டிய இடம் தான் நினைத்திராத ஒரு சாட்சியத்துக்கும் உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என்ன செய்தார்கள்? 1960களின் நடுவில், கூடத்தைச் சுற்றியுள்ள பவளத்தைக் காப்பாற்ற ஒரு முக்குளிப்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். பதினைந்து மாதங்களில் சுமார் 27,000 நட்சத்திர மீன்கள் அகற்றப்பட்டன. சாளரத்திலிருந்து தெரியும் வட்டம், அதைச் சுற்றிக் கொஞ்சம், அவ்வளவே நோக்கம். வட்டத்துக்கு வெளியே தீவின் பாறையில் பெரும்பகுதி செத்தது.

இவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். செய்யக்கூடாது என்று நினைக்கிறேன். ஒருவனால் ஒரு வட்டத்தைத்தான் காக்க முடியும். இன்றும் இந்த நட்சத்திர மீனைக் கட்டுப்படுத்த முக்குளிப்பவர்கள் ஒவ்வொன்றாக ஊசி போட்டுத்தான் கொல்கிறார்கள். தேர்ந்தெடுத்த பாறைகளில் மட்டும்தான். 1979லும், 1990களின் தொடக்கத்திலும், 2010ஐ ஒட்டியும் பெருக்கம் திரும்பத் திரும்ப வந்தது. 27,000 என்ற எண்ணில் ஒரு தனி மனிதனின் பதினைந்து மாத உழைப்பு இருக்கிறது, அது கேவலமானதல்ல. ஆபத்து வேறு இடத்தில். காக்கப்பட்ட வட்டம் சாளரத்துக்கு முன்னால் இருந்தது. படியிறங்கி வந்த பயணிக்குப் பவளம் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தது. தன் கண்ணால் பார்த்துவிட்டான். இனி அவனிடம் பாறை சாகிறது என்று யார் சொல்வது? பொய்க் காட்சி என்றால் அம்பலப்படுத்திவிடலாம். இது மெய்க்காட்சி. அந்த மீனும் மெய், அந்தப் பவளமும் மெய். பொய்யானது அதன் எல்லை மட்டும்.

இதன் மறுபுறம் 1967ல் வந்தது. கிரீன் ஐலண்டுக்குத் தெற்கே, இன்னிஸ்ஃபெயில் பகுதிக்கு எதிரே உள்ள எல்லிஸன் ரீஃபிலிருந்து சுண்ணாம்பு வெட்டி எடுக்க ஒரு கரும்பு விவசாயி குத்தகை கேட்டு விண்ணப்பித்தார். வயலுக்கு மலிவான உரம். பாறை செத்துவிட்டது, செத்ததை எடுப்பதில் என்ன நஷ்டம் என்பது வாதம். நட்சத்திர மீன் பற்றிய செய்திகளுக்குப் பின் இந்த வாதம் காதில் ஏறக்கூடியதாகவும் இருந்தது. ஜான் ப்யூஸ்ட் என்ற ஓவியர் ஆட்சேபணை எழுப்பினார். அவருக்குத் துணையாக நின்றவர்களில் முக்கியமானவர் ஜூடித் ரைட், ஆஸ்திரேலியாவின் முதன்மையான கவிஞர்களில் ஒருவர். 1962லேயே குவீன்ஸ்லாந்தில் வன உயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். செத்த பாறை என்பதை மறுக்க ஒரே வழி போய்ப் பார்ப்பது. பெரிய நிறுவனங்கள் தயங்கியபோது, பிரிஸ்பேனிலிருந்து சில மாணவர்களும் ஆர்வலர்களும் எல்லிஸன் ரீஃபில் இறங்கினார்கள். உயிருள்ள பவளத்தில் 88 இனங்கள், சிப்பி நத்தை வகைகளில் 60, மீன்களில் 190 என்று கணக்கெடுத்துக்கொண்டு வந்து விசாரணையில் வைத்தார்கள். குத்தகை மறுக்கப்பட்டது.

கிரீன் ஐலண்டில் சாளரம் வழியே பார்த்தவனுக்குச் செத்துக்கொண்டிருந்த பாறை உயிரோடு தெரிந்தது. எல்லிஸன் ரீஃபில் கரையில் நின்றவனுக்கு உயிருள்ள பாறை செத்ததாகத் தெரிந்தது. இரண்டையும் திருத்தியது நனைந்த ஆட்கள்.

எல்லிஸன் வெற்றியோடு காரியம் முடியவில்லை. எண்ணெய்த் துளையிடல் எதிர்ப்பு, தொழிற்சங்கங்களின் தடை, விசாரணைக் கமிஷன்கள் என்று நீண்டு, 1975ல் கடல் பூங்காச் சட்டம் வந்தது. 1981ல் பாறைத்தொடர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ப்யூஸ்ட் 1971லேயே இறந்துவிட்டார். 1977ல் ரைட் இந்தப் போராட்டத்தைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். அது கவிதை அல்ல. கூட்டங்கள், கடிதங்கள், கமிட்டிகள், அமைச்சர்களின் மழுப்பல்கள் பற்றிய நூல். கவிஞர் பொதுக் காரியத்தில் இறங்கினால் கவிதை கெடும் என்று நம்மிடையே சொல்பவர்கள் உண்டு. இறங்காவிட்டால் கவிதை எதைப் பார்க்கும் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும்.

பாறையின் பின்னைய வரலாறு சாளரத்தைத் தாண்டிப் போய்விட்டது. 1998ல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பவளத் திசுவுக்குள் வாழ்ந்து உணவும் நிறமும் தரும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிடும். மிஞ்சுவது கண்ணாடி போன்ற திசுவும் அதன் ஊடே தெரியும் எலும்பும். 2002, 2016, 2017, 2020, 2022, 2024 என்று அது திரும்பி வந்தது. ரான்ஸனே வரைந்த காலிக்கு வடக்கே ஹிக்கடுவையின் பவளங்களும் 1998ல் பெரும் அளவில் செத்தன. இதற்கு எந்தக் காவலாளியையும் சாளரத்துக்கு வெளியே அமர்த்த முடியாது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க இங்கே நட்சத்திர மீன் இல்லை; நீரே மாறியிருக்கிறது.

ஹூக் ஐலண்ட் கூடம் 1969ல் திறந்தபோது சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் நின்று பார்க்கலாம் என்பது விசேஷம். பிற்காலத்தில் அது மூடப்பட்டு, துருவேறி, பல ஆண்டுகள் வெறுமனே நின்றது. 2020களில் அதை அறுத்து அகற்றிவிட்டார்கள். பார்ப்பதற்காகக் கட்டியது, பாறைக்கு வேண்டாத இரும்பாகிப் போயிற்று.

கண்ணாடி போன்ற நடை என்று நாம் ஒருவரைப் பாராட்டும்போது என்ன சொல்கிறோம்? நடை தெரியவில்லை, பொருள்தான் தெரிகிறது என்கிறோம். அந்தப் பொருள் சாளரத்துக்கு முன்னால் பராமரிக்கப்பட்ட வட்டமா, அதற்கு அப்பாலும் போகிறதா என்று நாம் கேட்பதில்லை. தெளிவாகத் தெரிகிறது என்பதே போதும் என்று இருந்துவிடுகிறோம். நம் நல்ல கதைகள் பலவற்றில் ஒரு தெரு, ஒரு வீடு, ஒரு மனம் துல்லியமாக, ஒரு பொய்யும் இல்லாமல் இருக்கிறது. அந்தத் துல்லியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கும் யாரோ 27,000 தடவை குனிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவில் என்ன நடந்தது என்று விமர்சகன் கேட்டால் அது இலக்கியத்துக்கு வெளியே உள்ள கேள்வி என்று சொல்லிவிடுகிறார்கள். வெளியே உள்ளதுதான். ரான்ஸனேயின் கால்களும் மணிக்கு வெளியேதான் இருந்தன.

கூடத்துக்குள் இறங்கிய லட்சக்கணக்கானவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் சிலராவது மேலே வந்து, உடையைக் களைந்து, தண்ணீரில் குதித்திருப்பார்கள். சாளரத்தின் நியாயம் அவர்கள்தான்.